பதில் வரும்வரை நின்றவர்

காலை ஆறு மணி பத்து நிமிடம். பெரட்டுக்களத்தில் நான் முதலில் கண்டது விரித்த ஒரு கறுப்புக் குடை. மழை விட்டு ஏழெட்டு நிமிடமாகியிருந்தது. வரிசையில் நின்ற எல்லோரும் தலையில் போட்டிருந்த பொலித்தீன் துண்டை எடுத்து உதறி மடித்துவிட்டார்கள். அந்தக் குடை மட்டும் விரிந்தபடியே இருந்தது. அதன் கீழே ஒருவர் நின்றார். அவருக்கு எதிரே, கொழுந்துக் கூடையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் நின்றார். இருவரும் பேசவில்லை. பெண் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடைக்காரர் பெண்ணைப் பார்க்காமல், தொழிற்சாலையின் தகரக் கூரையிலிருந்து எழுந்த ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரட்டு என்பது தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி, இன்றைக்கு யார் எந்த மலையில் வேலை என்று பிரித்து அனுப்பும் நேரம். அது சத்தமான நேரம். அந்தச் சத்தத்துக்கு நடுவே இரண்டு பேர் வாய் திறக்காமல் நிற்பது எனக்குச் சண்டை போலத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற பெண் கங்காணியிடம் விசாரித்தேன்.

"சண்டை எல்லாம் இல்லைங்க. எப்படி இருக்கேன்னு ஐயா கேட்டிருக்காரு. பதிலுக்கு நிக்கிறாரு."

"எவ்வளவு நேரமா?"

"ஆறு மணியிலேர்ந்து. அது கொஞ்சம் மெதுவா பேசுற பொண்ணு. மூணாம் லயம்."

ஆறு பன்னிரண்டுக்கு அந்தப் பெண் ஏதோ சொன்னார். குடைக்காரர் தலையாட்டினார். அதன் பிறகுதான் குடையை மடக்கினார். கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை அவர் குடையை மடக்க மறந்து நின்றிருக்கிறார். பெண் சொன்னது இதுதான்: லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தன் வீட்டுக் கூரையில் ஒரு தகரம் கழன்றுவிட்டது, இரண்டு இரவாகத் தூக்கம் இல்லை. அன்று பகல் ஒரு ஆள் போய் அந்தத் தகரத்தை அடித்துச் சரிசெய்தார்.

நான் அந்தத் தோட்டத்துக்குப் போனது குடிநீர்க் குழாய் பற்றிய செய்திக்காக. பசறைக்கு மேலே, பஸ் போய்த் திரும்பும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். குடைக்காரர் அந்தத் தோட்டத்தின் ஒரு பிரிவுக்கு, அதாவது டிவிசனுக்கு, நலன்புரி உத்தியோகத்தர். தன் பெயர் இன்னொரு முறை பத்திரிகையில் வருவதை அவர் விரும்பவில்லை. ஒரு முறை வந்தது. எழுதியவன் நான். ஆகவே பெயர் இல்லாமலே எழுதுகிறேன்.

அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, அட்டை ஏறாமல் இருக்கக் கால்களில் சவர்க்காரம் தடவியிருப்பார். அருகில் வந்தால் துணி துவைக்கும் இடத்தின் வாசனை வரும். சட்டைப் பையில் பென்சில் ஒன்று உண்டு, கடதாசி கிடையாது. எழுதிக்கொள்ளவில்லையா என்று கேட்டபோது, "எழுதினா பேச்சு நிண்டுரும் தம்பி," என்றார். பிறகு எதற்குப் பென்சில் என்று நான் கேட்கவில்லை.

எப்படி இருக்கிறீர்கள் என்று உலகத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். அவர் கேட்டால் நின்றார். அவரிடம் இருந்த விசேஷம் இவ்வளவுதான். வந்த பதில் 'இருக்கேன்' என்றோ 'நல்லா இருக்கேன்' என்றோ இருந்தால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டார். மறுப்பதும் இல்லை. மேலும் துருவுவதும் இல்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"கேட்டுட்டு நடந்துட்டா அது கேள்வி இல்லை தம்பி. இருமல்," என்று ஒரு முறை சொன்னார்.

தொலைபேசியிலும் இதே வழக்கம்தான். சுகம் விசாரித்துவிட்டு மௌனமாகிவிடுவார். இணைப்பு அறுந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். "லைன்லதான் இருக்கேன், நீங்க சொல்லுங்க," என்று குரல் வந்தது. குழாய் பற்றி இரண்டு விவரம் கேட்பதற்காக எடுத்த அழைப்பில், மூன்று நாளாக நான் வீட்டில் யாருடனும் பேசவில்லை என்பதை அவரிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "சரி," என்றார். அன்று மாலை நான் வீட்டில் பேசினேன்.

பதுளைக்கு வரும் பஸ்ஸில் ஒரு நாள் அவருடன் ஏறினேன். இறங்கும்போது மிதிபலகையில் நின்றுகொண்டு நடத்துநரிடம், "தம்பி, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். நடத்துநர் விசிலை வாயில் வைத்திருந்தார். விசிலை எடுக்கவும் முடியவில்லை, ஊதவும் முடியவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி பொறுமை இழந்துவிட்டார்.

"ஐயா, அவரு நல்லாத்தான் இருக்காரு. நாங்கதான் நல்லா இல்ல. பஸ்ஸ விடச் சொல்லுங்க."

பஸ் சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் இறங்கவில்லை. நடத்துநர் விசிலை எடுத்துவிட்டு, "பல்லு வலி சார்," என்றார். அதற்குப் பிறகுதான் இறங்கினார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறேன். அவர் தோட்டத்துப் பிள்ளை அல்ல. பதுளைக் கடைவீதியில் அவருடைய அப்பாவுக்குத் துணிக்கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

"தோட்டத்து ஆளுங்க கடைக்கு வந்தா முதல்ல கேக்கிறது அவங்களுக்கு வேணுங்கிற சாமான் இல்ல தம்பி. ரெண்டாவது கேக்கிறதும் இல்ல. துவாய் இருக்கா, கைலேஞ்சி இருக்கான்னு கேப்பாங்க. சும்மா நிக்கணும். மூணாவதா கேப்பாங்க பாருங்க, செத்த வீட்டுக்கு வெள்ளத் துணி. அதுக்குத்தான் வந்திருப்பாங்க."

அந்த டிவிசனில் அவர் ஐந்து வருடம் இருந்தார். அங்கே செய்தவற்றைச் சாதனை என்று சொல்ல முடியாது. சாவு வீட்டிலிருந்து வேலைக்குத் திரும்பியவர்களை ஒரு கிழமைக்குத் தூர மலைக்கு அனுப்புவதில்லை, லயத்துக்குக் கிட்ட உள்ள மலையில்தான் வேலை. பத்து மணித் தேநீரின்போது கங்காணி தனியாக ஒரு கல்லில் உட்காரக்கூடாது, மற்றவர்களோடு உட்கார்ந்து ரொட்டி சாப்பிட வேண்டும். கங்காணிக்கு இது முதலில் பிடிக்கவில்லை.

"நான் பக்கத்துல இருந்தா இவளுக என்னயப் பத்திப் பேச முடியாதேங்க. பாவம் தானே."

"பேசட்டும் கங்காணிம்மா. நீங்களும் கேட்டுக்கலாம்."

"கேட்டா எனக்குத் தொண்டயில எறங்குமா?"

ஆனால் உட்கார்ந்தார். இரண்டு மாதத்தில் அவருடைய ரொட்டிச் சம்பல்தான் அந்த வட்டத்தில் முதலில் தீர்ந்தது.

பெரிய காரியம் என்றால் அது பெஞ்சு. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்கு முன்னால் பெண்கள் முதுகில் கூடையோடு வரிசையில் நிற்பார்கள். மலையில் நாலு மணி நேரம் நின்றவர்கள், நிறுப்பதற்காக மேலும் அரை மணி நேரம் நிற்பார்கள். மடுவம் கட்டிய நாளிலிருந்து இப்படித்தான். அவர் விழுந்த நிழல் மரம் ஒன்றை அறுப்பித்து, சுவரோரமாக நீளமான ஒரு பெஞ்சு போட வைத்தார். பதினான்கு பேர் உட்காரலாம். முதல் நாள் ஒருவரும் உட்காரவில்லை. தோட்ட மானேஜரான துரை ஜீப்பில் வரும் பாதை அந்தப் பக்கம்தான். வேலை நேரத்தில் துரை பார்க்க உட்கார்ந்திருப்பது அங்கே எவரும் செய்து பழகாத காரியம். அவரே போய் உட்கார்ந்தார். தனியாக உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாளும் தனியாகத்தான்.

"என்ன ஐயா, பொண்ணு பாக்க வந்த மாப்பிள மாதிரி இருக்கீங்க," என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆமாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க வந்து உக்காந்தாத்தானே பேச முடியும்?"

மூன்றாம் நாள் முதலில் உட்கார்ந்தவர் மூன்றாம் லயத்துப் பெண். வந்து, கூடையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று பகலுக்குள் பெஞ்சு நிறைந்தது. பிறகு அந்த பெஞ்சு அவருடைய அலுவலகம் ஆனது. யாருக்கு எது பேச வேண்டுமானாலும் அங்கே வந்து பக்கத்தில் உட்கார்வார்கள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதற்கு அடுத்த வருடம் நிர்வாகம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. வேலைத்தலத்தில் மகிழ்ச்சியான பழக்கங்களை வளர்ப்பது, ஊழியர்களின் மனநலத்தைப் பேணுவது என்று பெயர். பண்டாரவளையில் ஒரு விடுதியில் இரண்டு நாள் பயிற்சி. எல்லா டிவிசன்களின் உத்தியோகத்தர்களும் போனார்கள். திரும்பும்போது அவர் பசறையில் இறங்கி இரண்டு பிஸ்கட் டின் வாங்கினார். தேநீர்க் கடைகளில் சொல்லிவைத்துப் போத்தல் மூடிகள் சேர்த்தார். மஞ்சளிலும் சிவப்பிலும்.

முறை எளிது. காலையில் பெரட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் ஒரு டின்னிலிருந்து மூடி ஒன்றை எடுத்து, துளையிட்ட மற்ற டின்னுக்குள் போட வேண்டும். மனமும் உடம்பும் நன்றாக இருந்தால் மஞ்சள். ஏதாவது பாரம் இருந்தால் சிவப்பு. பெயர் தேவையில்லை. யார் எதை எடுக்கிறார்கள் என்று தெரியாமல் இருக்க மேசைக்கு முன்னால் ஒரு படங்கைத் திரைபோலக் கட்டினார். பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொண்டு மலைக்குப் போகும் அதே சாக்குத் துணி. பெரட்டு முடிந்ததும் மூடிகளை எண்ணி, கார்பன் வைத்துத் தாளில் எழுதி, ஒரு பிரதியைப் பெரிய ஆபீசுக்கு அனுப்ப வேண்டும்.

இதில் அவருக்கு உண்மையாகவே நம்பிக்கை இருந்தது. அதற்கு அவர் சொன்ன காரணத்தை நான் இப்போதும் குறை சொல்ல மாட்டேன்.

"ஒரு நாளைக்கு என்னால ஏழெட்டுப் பேர்கிட்டதான் நிக்க முடியுது. மிச்சம் நூறு பேரு? இன்னைக்கு இத்தனை சிவப்புன்னு தெரிஞ்சா, அங்க யாரோ இருக்காங்கன்னாவது தெரியுமில்ல. பெஞ்சில கொஞ்சம் கூட நேரம் இருப்பேன்."

முதல் மாதம் சிவப்பு நிறைய விழுந்தது. மக்கள் அவரை நம்பி உண்மையைப் போட்டார்கள். பெஞ்சில் கூட்டம் அதிகரித்தது. அவர் சந்தோஷமாக இருந்தார். திட்டம் வேலை செய்கிறது என்றார். மற்ற மூன்று டிவிசன்களில் மஞ்சளாகவே விழுந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் எவரையும் எதுவும் கேட்டதில்லை என்பதால் இருக்கலாம்.

மாத முடிவில் துரை பெரட்டுக்களத்துக்கு வந்தார். ஆட்கள் வரிசையில் நிற்கும்போதே அவரிடம் சொன்னார்.

"மத்த மூணு டிவிசனும் மஞ்சள். உங்கடது மட்டும் ஏன் இவ்வளவு சிவப்பு? ஹெட் ஆபீஸ்ல என்னத்தான் கேக்கிறாங்க. ஆளுங்க சந்தோஷமா இல்லைன்னா நலன்புரிக்கு ஒரு ஆள் எதுக்குன்னு. அடுத்த மாசமும் இப்படியே வந்தா உங்கள மாத்துவாங்க. என்னால ஒண்ணும் செய்ய ஏலாது."

துரை பதிலுக்கு நிற்கவில்லை. ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து நடந்தது எனக்குப் பல மாதங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. நடந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பூசை முடிந்து, பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தபோது கங்காணி எழுந்து நின்றார்.

"நாளையிலேர்ந்து செவப்ப யாரும் தொட வேணாம். ஐயாவ மாத்திட்டாங்கன்னா வாற ஆளு எப்படிப்பட்டவன்னு யாருக்குத் தெரியும்? மொத வேலையா பெஞ்சத் தூக்குவான்."

எல்லோருக்கும் சரியாகப் பட்டது. நல்ல மனிதர் ஒருவர் தங்களால் வேலையில் இடம் மாறிப் போகக்கூடாது. சிலர் சிரித்தார்கள். இவ்வளவுதானே, மஞ்சளை எடுத்துப் போட்டால் முடிந்தது.

பின்னால் உட்கார்ந்திருந்த மூன்றாம் லயத்துப் பெண், கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாகக் கேட்டார்.

"ஒடம்பு முடியலன்னா?"

"முடியலன்னாலும் மஞ்சதான்," என்றார் கங்காணி.

ஐயாவிடம் மட்டும் சொல்லக்கூடாது என்று முடிவாயிற்று. சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். நூறு பேருக்கு மேல் காத்த இரகசியம் அது. ஒரு குழந்தைகூட வாய் தவறிச் சொல்லவில்லை.

அடுத்த நாளிலிருந்து டின்னில் அநேகமாக மஞ்சள்தான் விழுந்தது. சட்டென்று மாறினால் சந்தேகம் வரும் என்று முதல் பத்து நாள் தினம் இரண்டு மூன்று சிவப்பு போடவும் கங்காணி ஆள் வைத்திருந்தார். பிறகு அதுவும் நின்றது. பெஞ்சில் அவர் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. உட்கார்ந்தால், ஏதோ குறை சொல்கிறார்கள் என்று ஆகிவிடும். பெண்கள் பெஞ்சின் மற்றக் கோடியில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது மகிழ்ச்சியாகத் தெரிந்தது.

அந்தக் காலத்தில்தான் அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். சுகம் விசாரித்தார். பதிலுக்கு நின்றார். பிறகு சொன்னார், "தம்பி, ஒரு தடவ வந்து பாருங்க. நூத்துக்கு நூறு மஞ்சள். நல்ல செய்தின்னு ஒண்ணு எழுதுங்களேன்."

நான் போனேன். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குப் பெரட்டுக்களத்தில் இருந்தேன். படங்குத் திரைக்குப் பின்னால் பெண்கள் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். மூடி டின்னில் விழும் சத்தம் கேட்டது. லயத்திலிருந்து களத்துக்கு ஏறி வரும் கற்படிகள் இருபத்திரண்டு. மூன்றாம் லயத்துப் பெண் வெறும் கூடையோடு அவற்றில் ஏறும்போது இரண்டு இடங்களில் நின்றார். இரண்டாவது இடத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். இது என் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. செய்தியில் இல்லை.

திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த அந்தப் பெண்ணிடம் அவர் வழக்கம்போலக் கேட்டார்.

"எப்படி இருக்கீங்க தங்கச்சி?"

"அதான் மஞ்ச போட்டுட்டேனே ஐயா," என்றார் அந்தப் பெண். எப்போதும் தாமதமாகப் பதில் சொல்கிறவர் அன்று உடனே சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அவரும் சிரித்தார். என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா தம்பி?" என்றார். அடுத்தவரிடம் நடந்தார். அவர் நிற்காமல் போனதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

செய்தி ஐந்தாம் பக்கத்தில், படத்தோடு, மூன்று பத்தியில் வந்தது. தலைப்பை நானே எழுதினேன். 'சிரிக்கும் மலை.' பெரிய ஆபீசிலிருந்து அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. இடமாற்றப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கங்காணி செய்தித் துண்டைக் கண்ணாடி போட்டு மடுவத்துச் சுவரில் மாட்டினார்.

ஐப்பசி மழையில், பகல் நிறுவைக்கு, அந்த மூன்றாம் லயத்துப் பெண் மடுவத்துக்கு வந்து கூடையோடு பெஞ்சில் உட்கார்ந்தார். வரிசை நகர்ந்தது. முறை வந்தபோது எழும்பவில்லை. கங்காணி கூப்பிட்டார். பதில் சொல்லத் தாமதிக்கிறவர் என்பதால் கொஞ்சம் பொறுத்தார்கள். மறுபடி கூப்பிட்டார். பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்டபோது தலை சாய்ந்தது. மூச்சு இருந்தது. கொழுந்து லொறியில் படங்குகளை விரித்துப் படுக்கவைத்து இறக்கினார்கள். பதுளைக்கு வருமுன், வழியிலேயே உயிர் போய்விட்டது.

அந்த நேரம் நலன்புரி உத்தியோகத்தர் பெரிய ஆபீசில் இருந்தார். மாதத் தாள்களை ஒப்படைக்கப் போயிருந்தார். தகவல் கிடைத்து வைத்தியசாலைக்கு ஓடினார். இதய வால்வு சுருங்கியிருந்தது என்று வைத்தியர் அவரிடம் சொன்னார். நீண்ட நாளாகவே இருந்திருக்கும், ஏற்றத்தில் மூச்சு வாங்கியிருக்கும், கால் வீங்கியிருக்கும், நேரத்தோடு வந்திருந்தால் செய்வதற்கு வழி இருந்தது என்றார். பிறகு சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: "இவங்க ஒருத்தர்கிட்டயும் சொல்லல்லயா?"

நான் மறுநாள் போனேன். அந்தப் பெண்ணின் கணவருக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. ரயிலில் வந்து சேர்ந்திருந்தார். லயத்தின் இஸ்தோப்பில், முன்திண்ணையில், நலன்புரி உத்தியோகத்தர் சுவரோரமாக நின்றிருந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கங்காணிதான் அவரிடம் வந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"ஐயா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் திரும்பினார்.

"அந்த மஞ்ச மூடியெல்லாம் சும்மாங்க. நாங்க கோயில்ல பேசி வச்சுப் போட்டது. ஒங்கள மாத்திருவாங்கன்னு துரை சொன்னாரில்லையா. அதுக்காகப் போட்டது."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். ஒடம்பு முடியலன்னா என்ன செய்றதுன்னு இவதான் கேட்டா. நாந்தான் அப்பயும் மஞ்ச போடுன்னேன்." கங்காணி அழவில்லை. சேலை முந்தியைக் கையில் சுருட்டிக்கொண்டே பேசினார். "நீங்க இருந்தாப் போதும்னு நெனச்சோம் ஐயா. வேற ஒண்ணும் நெனைக்கல."

இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. கங்காணி அங்கேயே, சுவரில் இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடம் கற்றதாக இருக்க வேண்டும். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நீண்ட நேரம். கடைசியில் பறை ஆரம்பித்தது, எல்லோரும் எழுந்தார்கள்.

ஒரு கிழமை கழித்து அவர் துரையைச் சந்தித்து, டின்னை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டார். மஞ்சள் எல்லாம் பொய் என்று சொன்னாரா, சொன்னால் தோட்டத்து மக்களுக்குப் பிரச்சினை வரும் என்று மறைத்தாரா, தெரியாது. டின் எடுக்கப்படவில்லை. அந்த மாத முடிவில் அவர் வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். எது நடக்கக்கூடாது என்று நூறு பேர் மூடி போட்டார்களோ, அதை அவரே எழுதிக்கொடுத்தார். போகிற அன்று காலை பெரட்டுக்களத்துக்கு அவர் வரவில்லை என்று கங்காணி சொன்னார்.

"வந்திருந்தா நாங்க விட்டிருக்க மாட்டோம். அதான் வரல போல." பிறகு, "இல்லைன்னா எங்க மூஞ்சியப் பாக்க முடியாம," என்றார்.

பெஞ்சு இன்னும் அங்கே இருக்கிறது. புதிதாக வந்தவர் அதை எடுக்கவில்லை. அவர் நல்ல மனிதர்தான் என்கிறார்கள். ஒரு நாளில் எல்லா டிவிசனுக்கும் போகிறார்.

இந்த வருடம் மாசியில், மாலை நாலு மணி இருபது நிமிடத்துக்கு, பதுளைக் கடைவீதியில் அந்தத் துணிக்கடைக்குள் நுழைந்தேன். அவர் மேசைக்குப் பின்னால் நின்றார். தலை முழுவதும் நரைத்திருந்தது. கடையை இப்போது தம்பி நடத்துகிறார், இவர் உதவிக்கு நிற்கிறார்.

"வாங்க தம்பி. என்ன பாக்கிறீங்க?"

"துவாய் இருக்கா?"

எடுத்துப் போட்டார். "வேற?"

"கைலேஞ்சி."

அதையும் எடுத்துப் போட்டார். இந்த முறை அவர் நிற்கவில்லை. உடனே கடதாசியில் சுற்றத் தொடங்கினார்.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பசறை பஸ் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த பஸ் வந்து நின்றது. ஒரு பெண் குழந்தையோடு கடைக்குள் வந்து, பள்ளிக்கூடச் சட்டைத் துணி கேட்டார். அவர் முழக்கோலை எடுத்து அளந்து, வெட்டி, கொடுத்து அனுப்பினார்.

"இருக்கேன் தம்பி," என்றார்.

நான் நின்றேன். அவர் முழக்கோலை மேசைக் கண்ணாடியின் மேல் நேராக வைத்தார். கண்ணாடிக்குக் கீழே ஒரு சாமி படம், இந்த வருட விடுமுறை நாட்களின் பட்டியல், அதற்குப் பக்கத்தில் கார்பன் எழுத்தில் ஒரு தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாக வாசிப்பது எங்கள் தொழிலில் பழகிய ஒன்று. அவருடைய கையெழுத்து. தேதி, அந்தப் பெண் இறந்த நாள்.

வேலைக்கு வந்தவர்கள் 112. மஞ்சள் 112.